வழுவும் வழுவமைதியும்: வலைச் செய்நிரல்களில் இயக்கநேர வழுக்காப்பு

தமிழிலக்கண நூலார் சொற்கள் தம்முள் இயைந்து தொடராகுமாற்றை ஆராயுங்கால் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளை வகுத்துரைப்பர். நெறி பிறழாது வருவது வழாநிலை. பிறழ்ந்து வருவது வழு. பிறழ்ந்து வரினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நிகழும் என்பது நன்னூலாரின் பகுப்பு. வழுக்காத்தலும் இருவகைத்து. வழு நேராவண்ணம் தடுத்தல் ஒன்று. நேர்ந்தவிடத்துக் காரணங்கண்டு அமைத்துக்கொள்ளுதல் மற்றொன்று.

இலங்கைப் பாடசாலைகளின் தமிழ்மொழிமூலக் கணினிக் கல்வியில், செய்நிரலில் தோன்றும் பிழையைக் குறிப்பதற்கும் 'வழு' என்னும் இச்சொல்லே வழங்குகின்றது. இவ்வொற்றுமை சொல்லளவில் நின்றுவிடுவதன்று. இலக்கணப் புலவன் வழுவமைதி கூறும்போது காரணத்தையும் உடன் கூறுவான். தன் பசுவை ஒருவன் 'அம்மை' என விளித்து உயர்திணை முடிபு கொடுப்பானாயின், அது உவப்பினால் வந்த வழுவமைதி என்பான். காரணங் காட்டவியலாதவிடத்து வழு என்றே தள்ளுவான். வலைத்தளங்களுக்குச் செய்நிரல் எழுதுவோர் பெரிதும் மறந்துவிடும் உண்மையும் இதுவே. வழுவைக் கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்தல் வழுவமைதி ஆகாது. அது முதல் வழுவின்மேல் ஏற்றப்பட்ட இரண்டாம் வழுவாகும். இக்கருத்து முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பு என்னும் ஊரின் பெயரையே சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்கப்படுகின்றது.

மூவகை வழு

செய்நிரல் வழுக்கள் தொடரியல் வழு, இயக்கநேர வழு, தர்க்க வழு என மூவகைப்படும். அடைப்புக்குறி ஒன்று விடுபடுதல் போன்றவை தொடரியல் வழுக்கள். இவை செய்நிரல் இயங்கத் தொடங்குமுன்னரே கணினியாற் கண்டுபிடிக்கப்படுவதனால் தீங்கு சிறிது. இயக்கநேர வழுவாவது, எழுத்திற் குற்றமின்றி அமைந்த செய்நிரல், இயங்குங்காலத்துத் தான் எதிர்பாராத நிலையொன்றைச் சந்தித்துத் தடுமாறுதல். தர்க்க வழுவோ செய்நிரல் தடையின்றி இயங்கியும் பிழையான விடையைத் தருவது.

மூன்றாவதற்குப் புதுக்குடியிருப்பே நல்ல எடுத்துக்காட்டு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியில் அமைந்த இவ்வூரின் பெயரால் ஒரு பிரதேச செயலாளர் பிரிவு உண்டு. ஆயின் மட்டக்களப்பு மாவட்டத்திலும் மன்னார் மாவட்டத்திலும் இப்பெயருடைய ஊர்கள் உள. ஊர்ப்பெயரை மட்டுமே கொண்டு தேடி, முதலிற் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் செய்நிரல், வன்னியில் வாழ்வோர் ஒருவரின் விண்ணப்பத்தை மட்டக்களப்புக்கு அனுப்பிவிடக்கூடும். அங்கு எச்சரிக்கை எதுவும் எழாது. பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துத் தேடுக என்னும் அறிவு எழுதுவோனிடத்தே இருந்தாலன்றி இவ்வழு நீங்காது.

இயக்கநேர வழு இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. அது தன் வரவைத் தானே அறிவிக்கும் இயல்புடையது. அவ்வறிவிப்பைச் செவிமடுத்தாற் பயனுண்டு. வாயடைத்தால் அது தர்க்க வழுவினும் கொடிதாகிவிடும். ஏனெனில் அறிவிக்க வந்த ஒன்றை ஊமையாக்கியது எழுதுவோனின் கையே.

ஓர் ஊர்ப்பெயர் படும் பாடு

புதுக்குடியிருப்பு என்னும் பெயரில், காண்போர் கண்ணுக்கு ஒன்பது எழுத்துக்கள் உள. யுனிக்கோடு முறையிலோ உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதனால் அவை 18 ஆகும். தமிழ், யுனிக்கோட்டின் முதற் பதிப்பு வெளிவந்த 1991 ஆம் ஆண்டிலேயே அதனுள் இடம்பெற்றது. அக்குறிகளைச் சேமிக்கவும் அனுப்பவும் பெருவழக்காய் உள்ள யூ.டி.எப்.-8 என்னும் முறையை 1992 இல் கென் தாம்சன், ரொப் பைக் ஆகிய இருவரும் வகுத்தனர். அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று இடங்கொள்ளும். எனவே ஒன்பது எழுத்துக் கொண்ட இப்பெயர் 54 பைற்றுக்கள் கொண்டதாகின்றது. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்றே போதும் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, குடும்பங்களின் விபரங்களைப் பதியும் வலைப்படிவம் ஒன்றை உதாரணமாகக் கற்பனை செய்க. ஆங்கில எழுத்தை மட்டும் மனத்திற்கொண்ட நிரலாளர், ஊர்ப்பெயர் 50 பைற்றுக்கு மேற்படாது எனக் கருதி, மிகுந்ததை வெட்டிவிடுமாறு பி.எச்.பி. மொழியில் எழுதிவிடுகிறார். 50 பைற்றுக்குள் 16 குறிகள் முழுமையாக அடங்கும். பதினேழாவதாகிய பகரத்தின் முதலிரு பைற்றுக்கள் மாத்திரம் உள்ளே நிற்க, மூன்றாவது வெளியே வீழும். பெயரின் கடையெழுத்து சிதைகின்றது. வெட்டும் செயற்கூறு பைற்றை மட்டுமே அறியும், எழுத்தை அறியாது. ஆதலின் அவ்விடத்து வழு அறிவிக்கப்படுவதில்லை.

பின்னொருநாள் அப்பிரிவிலுள்ள குடும்பங்கள் அனைத்தின் பட்டியலும் கேட்கப்படுகின்றது. சேவையகம் பட்டியலை ஜேசன் என்னும் பரிமாற்ற வடிவிற்கு மாற்ற முயல்கின்றது. சிதைந்த பைற்றுக்களைக் கண்டதும் மாற்றும் செயற்கூறு தோல்வியுற்று, 'பொய்' என்னும் மதிப்பைத் திருப்பித் தருகின்றது. ஒரு பெயரின் ஓரெழுத்துச் சிதைந்தமையால் பட்டியல் முழுவதுமே மாற்றமுறாது போகின்றது. 'பொய்' என்பதை அச்சிடின் பி.எச்.பி. மொழியில் வெற்றிடமே தோன்றும். எனவே சேவையகம் 'எல்லாம் நலம்' எனப் பொருள்படும் 200 என்னும் குறியெண்ணோடு வெறுமையான விடையை அனுப்புகின்றது.

உலாவியில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் செய்நிரல் அவ்வெறுமையைப் பிரித்தறிய முயல்கையில் முதன்முறையாக உண்மையான அறிவிப்பு எழுகின்றது. 'சின்டாக்ஸ் எரர்' என்னும் வழு எறியப்படுகின்றது. பெயரளவில் இது தொடரியல் வழுப்போல் தோன்றினும், பிழைபட்டது செய்நிரலின் தொடரன்று; வந்துசேர்ந்த தரவே என்பதனால் இஃது இயக்கநேரத்து வழுவேயாம். நிரலாளரோ வழுவைப் பற்றும் பகுதியை வெறுமையாக விட்டிருக்கிறார். திரையில் 'பதிவுகள் எவையும் இல்லை' என்னும் வாசகம் தோன்றுகின்றது.

இத்தொடரில் வழு நான்கு வாயில்களைக் கடந்துள்ளது. முதல் வாயிலில் அது பிறந்தது, இரண்டாவதில் முணுமுணுத்தது, மூன்றாவதில் நலம் என்னும் வேடம் பூண்டது, நான்காவதிலே உரக்கக் கூவியும் வாய்பொத்தப்பட்டது. முடிவில் உள்ள குடும்பம் இல்லாத குடும்பமாயிற்று.

வினா, விடை, காலம், பால்

வலைச் செய்நிரலாவது உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே நிகழும் வினாவிடையாகும். ஆதலின் அதன் இயக்கநேர வழுக்களுட் பலவற்றை இலக்கண நூலாரின் பெயர்களாலேயே வகைப்படுத்திக் காணலாம்.

வினா வழு: கேட்போன் பிழைபடக் கேட்டல். வலை நெறிமுறையில் 400 முதலாகத் தொடங்கும் குறியெண்கள் இவ்வினத்தன. 400 என்பது வினாவே சீர்குலைந்தது என்பதையும், 403 என்பது கேட்பதற்கு உரிமையில்லை என்பதையும், 404 என்பது கேட்ட பொருள் இல்லை என்பதையும் உணர்த்தும். புதுக்குடியிருப்பு என்னும் பெயரை வலைமுகவரியுள் வைத்தனுப்பினால் அதன் ஒவ்வொரு பைற்றும் மும்மூன்று குறிகளாக எழுதப்பட்டு, 162 குறிகள் கொண்டதாய் நீளும். ஓரெழுத்துக்குரிய குறிகளின் நடுவே அம்முகவரி அறுபடுமாயின், அதனை மீட்டெழுத முனையும் ஜாவாஸ்கிரிப்ட் 'யூ.ஆர்.ஐ. எரர்' என்னும் வழுவை எறியும்.

விடை வழு: புதுக்குடியிருப்புக்கு வழி யாது என்றவனுக்கு நெல் விலை ஏறிற்று என விடையிறுத்தல் போல்வது. 500 முதலாகத் தொடங்கும் குறியெண்கள் சேவையகத்தின் குற்றத்தை அது தானே ஒப்புக்கொள்வன. இங்கு நிரலாளர் பலர் ஏமாறும் இடமொன்று உண்டு. உலாவியில் வினா அனுப்புதற்குப் பயன்படும் 'பெட்ச்' என்னும் செயற்கூறு, 404, 500 ஆகிய விடைகளைத் தோல்வியாகக் கொள்வதில்லை. வலையிணைப்பே அற்றுப்போதல் முதலியவற்றையே அது தோல்வியெனக் கொள்ளும். விடை வந்தது என்பதும் நல்விடை வந்தது என்பதும் வெவ்வேறாதலின், குறியெண்ணைத் தனியே நோக்குதல் வேண்டும்.

கால வழு: 'நாளை வந்தான்' என்பது போல, வாராத தரவை வந்ததாகக் கொண்டு பயன்படுத்தல். சேவையகத்தின் மறுமொழி பின்னரே வருவதனால், வினா அனுப்பிய வேளையில் அமைத்த காவல் மறுமொழி வரும் வேளையில் இல்லாதொழியலாம். கடிதத்தைத் தபாற்பெட்டியில் இடும்வரை உடனின்ற துணைவன், பதில் வரும் நாளில் வாயிலில் இல்லாமை போன்றது இது. 2017 ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையிற் சேர்ந்த 'அவெய்ட்' என்னும் சொல், மறுமொழி வரும்வரை காத்து, அவ்வேளை எழும் வழுவும் அதே காவலுள் அகப்படுமாறு செய்கின்றது. சேவையகத்தில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் என்னும் மென்பொருள், 2020 இல் வெளிவந்த அதன் 15 ஆம் பதிப்பு முதல், கவனியாது விடப்பட்ட இத்தகைய தோல்வி எழுந்தாற் செய்நிரலையே நிறுத்திவிடும்.

பால் வழு: பெயர்க்கும் வினைக்கும் இயைபின்மை. எண்ணை எதிர்நோக்கியவிடத்து எழுத்தும், பொருளை எதிர்நோக்கியவிடத்து வெறுமையும் வரின் 'டைப் எரர்' எழும். வெற்றுச் சுட்டு என்னும் கருத்தை 1965 இல் அல்கோல் டபிள்யூ என்னும் மொழியிற் புகுத்திய ரோனி ஹோர், 2009 இல் அதனைத் தம் நூறு கோடி டொலர்த் தவறு எனத் தாமே கூறிக்கொண்டார். கூடவே, ஒரு செயலை வழுவெனக் கொள்வதும் கொள்ளாததும் மொழிதோறும் வேறுபடும். பரீட்சைக்கு ஒருவருமே தோற்றாத வகுப்பின் சராசரிப் புள்ளியைக் கணிக்கப் புகுந்து, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால், பைத்தன் மொழி உடனே வழுவை எறியும். பி.எச்.பி. நெடுங்காலம் எச்சரிக்கை மட்டும் விடுத்து மேற்சென்று, 2020 இல் வந்த 8 ஆம் பதிப்பிலிருந்தே வழுவை எறிகின்றது. ஜாவாஸ்கிரிப்டோ 'எண்ணன்று' எனப் பொருள்படும் ஒரு மதிப்பைத் தந்து அமைதியாக இருக்கும். மாணவரின் அறிக்கையில் அம்மதிப்பு அச்சேறிய பின்னரே குற்றம் தெரியவரும்.

மறைத்தலும் நிறுத்தலும்

வழுவை மறைத்தல் தீது எனின், வழுக்கண்டவுடன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுதல் நன்றோ எனின், அதுவும் அன்று. 1996 ஜூன் 4 ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ஏவுகலம் தன் முதற் பயணத்திலேயே அழிந்தது இதற்குச் சான்று. அக்கலத்தின் திசையறி கருவியில், 64 இருமவிடங்கொண்ட தசம எண்ணொன்றை 16 இருமவிடங்கொண்ட முழுவெண்ணாக மாற்றும் கட்டளை இருந்தது. அம்முழுவெண் 32,767 வரையே கொள்ளும். ஏரியன் 4 கலத்திற்கு எழுதப்பட்ட அச்செய்நிரல், அதனினும் விரைந்து கிடைத்திசையிற் சென்ற புதிய கலத்தில் அவ்வெல்லையை மீறிய எண்ணைச் சந்தித்தது. இவ்வாறு மீறக்கூடிய ஏழு மாறிகளுள் நான்கிற்கே காவல் இடப்பட்டிருந்தது. எஞ்சிய மூன்றனுள் ஒன்றிலே வழு எழுந்தது. வழு எழின் கருவியை நிறுத்திவிடுக என்பதே விதி. கருவி நின்றது. அதற்குத் துணையாக வைக்கப்பட்ட மற்றொன்றும் அதே செய்நிரலைக் கொண்டிருந்தமையால் அதே காரணத்தால் முன்னரே நின்றிருந்தது. எரியூட்டிய ஏறத்தாழ 37 செக்கனில் கலம் நெறிதவறியது.

கருவி பழுதுற்றாற் செய்யத்தக்கதை, கணிப்பு வழுவுற்றவிடத்துச் செய்தமையே ஈண்டு நிகழ்ந்த குற்றம். வழுக்காப்பு என்பது காரணமறிந்து செய்யப்படுவது. காரணமறியாது மறைத்தலும் காரணமறியாது நிறுத்தலும் ஒருதாய்ப் பிள்ளைகளே.

வழுவமைக்கும் நெறி

மொழிகள் வழுக்காப்பிற்கு உரிய கருவிகளைத் தந்துள்ளன. 1995 இல் பிரெண்டன் ஐக் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட், 1999 ஆம் ஆண்டுத் தரநிலையில் 'ட்ரை', 'கேட்ச்', 'பைனலி' ஆகிய மூன்று சொற்களைப் பெற்றது. முதலாவது முயலும் பகுதியையும், இரண்டாவது எறியப்பட்ட வழுவைப் பற்றும் பகுதியையும், மூன்றாவது வெற்றியாயினும் தோல்வியாயினும் தவறாது நிகழவேண்டியதையும் குறிக்கும். முன்னர்ச் செய்நிரலை முற்றாக நிறுத்திவந்த வழுக்கள் பலவற்றையும் இவ்வாறு பற்றத்தக்கனவாக மாற்றியது 2015 இல் வெளிவந்த பி.எச்.பி. 7 ஆம் பதிப்பு. கருவி உண்டாயினும் அதனைக் கையாளும் நெறி எழுதுவோனைச் சார்ந்தது. அந்நெறியை ஐந்தாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது தடுத்தல். வரும் தரவை வாயிலிலேயே சோதித்தல் வேண்டும். தமிழ்ப் பெயரை எழுத்தால் அளக்கவேண்டுமேயன்றிப் பைற்றால் அளத்தலாகாது. இடம் போதாவிடின் வெட்டாது, 'பெயர் நீண்டது' எனத் திருப்பியனுப்புதல் வேண்டும். உலாவியிற் செய்த சோதனையைப் பயனர் கடந்துவிடக்கூடுமாதலின் சேவையகத்திலும் அதனைச் செய்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, பரிகாரம் உள்ளவிடத்தே பற்றுதல். எந்த வழுவிற்கு எந்தச் செயல் தக்கது என்று கூறவல்ல பகுதியே அதனைப் பற்றத்தக்கது. அறியாத பகுதி அதனை மேலுள்ள பகுதிக்குச் செல்லவிடுதல் நன்று. ஜேசன் மாற்றம் தோல்வியுற்றால் 'பொய்' எனத் திருப்பாது வழுவை எறியுமாறு கட்டளையிடும் வசதி, 2018 இல் வந்த பி.எச்.பி. 7.3 ஆம் பதிப்பு முதல் உண்டு. அதனைக் கையாண்டிருந்தால் மேற்காட்டிய ஊர்ப்பெயரின் துயரம் இரண்டாம் வாயிலிலேயே வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாவது, தக்கவிடத்தே மீளமுயலுதல். வலையிணைப்புத் தளர்ந்த வேளையில் எழும் வழு சிறிது பொறுத்தால் நீங்கலாம். முயற்சிக்கும் முயற்சிக்கும் இடையே காலத்தை இருமடங்காக்கிச் செல்லுதல் வழக்கம். ஆயினும் படிப்பதற்குரிய வினாவையே அச்சமின்றி மீள அனுப்பலாம். பதிவு செய்யும் வினாவை அவ்வாறு அனுப்பின் ஒரு விண்ணப்பம் இரண்டாகும். ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் தனியடையாளம் கொடுத்து, முன்வந்ததே மீள வந்தது எனச் சேவையகம் அறியச் செய்வது இதற்கு மருந்து.

நான்காவது, பாதியில் நின்றதைத் துப்புரவாக்கல். குடும்பத் தலைவரின் பெயர் பதியப்பட்டு, பிள்ளைகளின் பெயர் பதியுமுன் வழு எழுந்தால், அரைகுறைப் பதிவு எஞ்சும். முழுவதும் பதிக, அன்றேல் எதையும் பதியற்க என்னும் கட்டுப்பாட்டைத் தரவுத்தளங்கள் அளிக்கின்றன. வழுவைப் பற்றியவுடன் அதனைக் கொண்டு பழைய நிலைக்கு மீளல் வேண்டும்.

ஐந்தாவது, இருசாரார்க்கும் ஏற்ப அறிவித்தல். பழுது பார்ப்போனுக்கு எந்த நேரத்தில், எந்த வரியில், எத்தரவினால் வழு எழுந்தது என்பது வேண்டும்; அஃது உள்ளகக் குறிப்பேட்டிற்கு உரியது. அதனை அப்படியே திரையிற் காட்டின் பயனர் மருள்வர். தீயோர் தளத்தின் உள்ளமைப்பை அறிந்துகொள்வர். பயனருக்கு வேண்டியன மூன்றே: நேர்ந்தது யாது, அவர் தந்த விபரம் சேமிக்கப்பட்டதா இல்லையா, இனிச் செய்யத்தக்கது யாது. இம்மூன்றும் அவர் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டும். குறிப்பேட்டுப் பதிவோடு பொருந்தும் தொடரிலக்கம் ஒன்றையும் கொடுத்தால் இருசாராரும் ஒரே வழுவைப் பற்றிப் பேசவியலும். 'பதிவுகள் இல்லை' என்பதும் 'பதிவுகளைப் பெற இயலவில்லை' என்பதும் ஓரிரு சொல்லளவில் வேறுபடினும், கேட்போன் வாழ்வில் அவை பெரிதும் வேறுபடும்.

அவ்வேறுபாட்டின் பொருளை வன்னி மக்கள் நன்கறிவர். 2009 இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் புதுக்குடியிருப்பும் அதன் அயலும் கடும் போர்க்களமாயின. மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். பிறப்புச் சான்றிதழும் காணி ஆவணமும் கல்விச் சான்றிதழும் இழந்தோர் பலர். கையிலுள்ள கடதாசியை இழந்தவனுக்கு எங்கோ உள்ள ஒரு பதிவே சான்று. அப்பதிவு கணினித் திரைக்கு இடம்பெயர்ந்து வரும் இக்காலத்தில், அவன் பெயரைத் தேடிய திரை 'இல்லை' என்று கூறுமாயின், அங்கு இல்லாதது பதிவா, அன்றி எழுதியவனின் கவனமா என்பதை அவனால் அறியவொண்ணாது. அறியும் கடமை செய்நிரல் எழுதுவோனையே சாரும்.

வழுவில்லாத செய்நிரல் அரிது. அதனை இலக்கணம் கற்றோர் குறையாகக் கருதார், வழுவையும் வகுத்துரைத்த மரபினர் ஆதலின். வழு நேரும், நேர்ந்ததை அறிதல் வேண்டும், அறிந்ததை உரியவர்க்கு உரைத்தல் வேண்டும், காரணங்கண்டே அமைத்தல் வேண்டும். கணினிக் கல்வி பயிலும் மாணவர், வழுவைப் பற்றும் பகுதியை வெறுமையாக விட்டெழுத முனையுந்தோறும், ஒன்பது எழுத்துடைய ஓர் ஊர்ப்பெயரையும் அதன் கடையெழுத்தோடு மறையக்கூடிய குடும்பங்களையும் எண்ணிப் பார்ப்பாராயின், அவ்விடம் வெறுமையாக இராது.